ஸ்ட்ரெதம் வீட்டுத் திறப்பு

தம்பி,

அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கு ஊரில் நின்றவர்கள் இவர்கள். நீ. உன் மனைவி வாசுகி, பச்சைச் சல்வாரும் அதற்குப் பொருந்தாத ஊதா மப்ளரும். உன் மகள் அனோஜா, காதில் பாட்டுக் கேட்கிற வெள்ளைக் குமிழ். வாசுகியின் அண்ணன் கிருபன், பிரான்சிலிருந்து வந்து லண்டன் வால்தம்ஸ்டோவில் கடை போட்டிருக்கிறவன். காரின் முன்சீட்டில் இருந்து வழி முழுக்கப் போனில் மீன் விலை கதைத்துக்கொண்டு வந்தவன். மியூசியத்தில் மேசை போட்டிருந்த பீற்றர் என்ற வெள்ளைக்காரக் கிழவர், கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தவர். கடைசியாக நான். மற்றவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அவர்களுக்கு இதில் பங்கில்லை.

எனக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று இந்த வீட்டில் முடிவு கட்டியாகிவிட்டது. அதனால்தான் ஆட்களையும் உடுப்பையும் முதலிலேயே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பிழையோடு வாசி. ஆனால் இதை நீ தனியே வாசித்து மடித்து வைக்கக் கூடாது. எல்லாருக்கும் எழுதுகிற கடிதம் இது. கிருபனும் வாசிக்கட்டும். அனோஜாவுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. அவளுக்கு வாசுகி உரத்து வாசித்துக் காட்டட்டும். வாசுகியின் வாயால் இது வாசிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஏன் என்று போகப் போக விளங்கும்.

வருகிற சனிக்கிழமை சாமான் ஏற்றுகிற வான் வரப்போகிறது. இந்தச் சட்டன் வீட்டைக் காலி பண்ணி, எல்லாரும் அந்தப் பள்ளத்தாக்கு ஊருக்குப் போகிறீர்கள். என் பெட்டியையும் வாசுகி அடுக்கி விட்டாள். ஆனால் நான் இந்த வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதை ஒருவரும் இப்போது பேசுவதில்லை. அப்பா செத்த பிறகு ஸ்ட்ரெதத்தில் நம்முடைய அந்தக் கவுன்சில் வாடகை வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். மாரி காலத்தில் சளி பிடித்து நெஞ்சு இரைத்தபோது, "இருமல் மாறும்வரைக்கும் அம்மா" என்று சொல்லி நீ கூட்டிக்கொண்டு வந்தாய். இருமல் மாறிவிட்டது. நான் சீலையை மடித்துப் பைக்குள் வைத்தேன். நீ, இன்னும் கொஞ்ச நாள் என்றாய். பிறகு புது வீடு வாங்கின கதை வந்தது. நான் வரமாட்டேன், என்னை ஸ்ட்ரெதத்தில் விடு என்றேன். கோயிலுக்கு நடந்து போகலாம், தவமணி அக்கா அடுத்த தெருவில், கீரைக்குத் தமிழ்க்கடை, வாசலில் பஸ். இவ்வளவும் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நான் ஏன் ஒரு பள்ளத்துக்குள் இறங்க வேண்டும்? "ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா, பாத்தால் பிடிக்கும்" என்றாய். அந்த ஒருக்காவுக்குத்தான் நான் வந்தேன்.

ஊரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். வடிவான ஊர்தான். இரண்டு பக்கமும் புல் போர்த்த சுண்ணாம்பு மேடு, நடுவில் கால் நனைக்கக்கூடிய ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஒரே ஒரு கடைத்தெரு. ஆனால் அந்தத் தெருவில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு பாய் அகலம்தான் தெரிந்தது. பஸ் எங்கே நிற்கும் என்று அனோஜாவைக் கேட்டேன். போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு இனி இல்லை அப்பம்மா" என்றாள். அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை.

முதலில் தேநீர்க் கடைக்குப் போனோம். அங்கே நான் கழிவறைக்குப் போக வாசுகி துணைக்கு வந்தாள். கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது பை அவளிடம் இல்லை, மேசையில் இருந்தது. "ஈரக் கையோடை என்னெண்டு பிடிக்கிறது மாமி, இவரிட்டைக் குடுத்தனான்" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகுதான் மியூசியத்துக்குப் போனோம்.

பீற்றர் நல்ல மனிசன். எங்களைக் கண்டதும் எழும்பி வந்து ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல அனோஜா எனக்குத் தமிழாக்கினாள். ரோமர் லண்டனிலிருந்து கடல்வரைக்கும் நேர்க்கோடாக ஒரு ரோட்டுப் போட்டார்களாம். அந்த ரோட்டு இந்த ஆற்றைக் கடந்த இடத்தில் குதிரை மாற்றுகிற சாவடி வைத்தார்களாம். சாவடியைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றி வீடு, சுடுதண்ணீரில் குளிக்க ஒரு மண்டபம், மேட்டின் அடியிலிருந்து வருகிற ஊற்றுக்கு ஒரு பெண் தெய்வம். சூளைக்குப் போகுமுன் காயப் போட்டிருந்த ஒரு ஓட்டில் யாரோ வளர்த்த நாய் நடந்து போன காலடி அப்படியே இருந்தது. பிறகு ஒரு காலத்தில் பட்டாளம் திரும்பிப் போய்விட்டது.

"அவை போன பிறகு ஊர்ச்சனம் என்ன செய்தது எண்டு கேள்" என்றேன்.

பீற்றருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். போனது பட்டாளமும் வரி வாங்கின அதிகாரிகளும் மட்டும்தானாம். மற்றச் சனம் அங்கேயே இருந்ததாம். குளிப்பு மண்டபத்தின் கூரை விழுந்த பிறகு அதற்குள்ளே வெங்காயம் நட்டார்களாம். அதற்கும் பிறகு வந்தவர்கள் அந்தக் கல்லையும் செங்கல்லையும் பெயர்த்துத் தேவாலயம் கட்டினார்கள். சுவரில் இன்றைக்கும் சிவப்புக் கோடுகளாகத் தெரியும் என்றார். அதன்பின் கம்பளிச் சந்தை, தண்ணீர் ஆலை, கோச்சு வண்டி நிற்கிற சத்திரங்கள், ரயில். இப்போது லண்டன்காரர் வீடு வாங்குகிறார்கள். ஊற்றுக்கு மட்டும் விடாமல் வருடத்தில் ஒரு நாள் பூவால் சோடிக்கிறார்களாம். தெய்வத்தின் பெயர் மறந்து போச்சு, பாதிரியார் வந்து ஆசீர்வாதம் பண்ணுகிறார். ஆனால் பூ பூதான் என்றார்.

கிருபன் பின்னாலிருந்து, "மாமி, ரோமர் விட்டிட்டுப் போனமாதிரி மச்சான் போகமாட்டார். வீட்டு மோட்கேஜ் கட்டி முடியிறதுக்கிடையிலை அனோஜாவுக்கே தலை நரைச்சிடும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நீ சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த பெட்டியில் ஒரு மோதிரம் இருந்தது. செம்பா வெண்கலமா தெரியாது, பச்சை பிடித்திருந்தது. கல் இருக்க வேண்டிய இடத்தில் பல்லுப் பல்லாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. மோதிரம் இல்லை, பூட்டைத் திறக்கிற திறப்பு என்றார் பீற்றர். வீட்டுக்காரி அதை விரலில் போட்டுக்கொண்டே சமைப்பாளாம், சந்தைக்குப் போவாளாம், படுப்பாளாம். அவளுக்குத் தெரியாமல் ஒருவரும் எடுக்க ஏலாது. "கெட்டிக்காரி" என்று நான் சொல்லிவிட்டு, எல்லாப் பெண்ணும் செய்கிற மாதிரிச் சும்மா என் பைக்குள் கையை விட்டேன். என் திறப்பு இல்லை.

விடிய இருந்தது. காரில் ஏறுமுன் பார்த்தேன். உள்பையில், திருநீற்றுச் சரையோடு. இப்போது திருநீறு இருந்தது, திறப்பு இல்லை. அந்த வீட்டுக்கு இரண்டாவது திறப்பும் கிடையாது. அப்பாவினுடையது ஆஸ்பத்திரியில் அவருடைய உடுப்போடு தொலைந்து போனது உனக்குத் தெரியும். நான் பையை மூடினேன். வாசுகியைப் பார்த்தேன். அவள் நாய்க் காலடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அந்த ஊருக்குக் கொண்டுபோக அவள்தான் இந்த வேலை பார்த்திருக்கிறாள் என்று என் மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாமியாருக்கு மருமகளைத் தவிர வேறு யாரை நினைக்கத் தோன்றும்?

இது தெரியாத பீற்றர் என்னைக் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிப்போனார். ஈயத் தகடுகள், சீட்டுக்கட்டின் சீட்டளவு. பொருள் களவு போனவர்கள் அதில் ஊசியால் கீறி, சுருட்டி, ஆணி அடித்து ஊற்றுக்குள் போட்டுவிடுவார்களாம். போர்வை, சட்டி, ஒற்றைச் செருப்பு, எது போனாலும். எடுத்தவரைத் தெரியாவிட்டால் அந்த நேரம் பக்கத்தில் நின்ற எல்லாருடைய பெயரையும் எழுதுவார்களாம். தெய்வம் பார்த்துத் தெரிந்தெடுக்கட்டும் என்று. பொருள் திரும்பி வரும்வரைக்கும் எடுத்தவருக்கு நித்திரை கொடாதே, தின்பது உடம்பில் ஒட்டாதே என்று கேட்பார்களாம்.

"அப்பம்மா, இது டோட்டலி நீங்கள்!" என்று அனோஜா என் தோளில் தட்டிச் சிரித்தாள்.

அவள் பகிடியாகச் சொன்னாள். ஆனால் எனக்கு அது பகிடியாய்ப் படவில்லை. களவு கொடுத்துவிட்டுச் சாட்சியும் இல்லாமல் நிற்கிற பெண் எங்கள் பக்கத்தில் என்ன செய்வாள்? கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி எறிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் வருவாள். பொலிஸும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். இந்தச் சனத்துக்கும் அது தெரிந்திருந்தது. அவர்களிடம் ஈயம் இருந்தது, எங்களிடம் மண்.

தேவாலயத்தின் பின்பக்கம் அந்த ஊற்று. சுவரின் அடியிலிருந்து சத்தம் இல்லாமல் வந்து ஒரு கல் தொட்டிக்குள் நிறைகிறது. நீங்கள் எல்லாரும் சுற்றி நின்றீர்கள். நான் குனிந்து தொட்டிக்குப் பக்கத்துப் பூப்பாத்தியின் ஓரத்து மண்ணை அள்ளித் தண்ணீருக்குள் எறிந்தேன்.

"என்ரை வீட்டுத் திறப்பை எடுத்த ஆள் ஆணோ பெண்ணோ, என்ரை வயித்திலை பிறந்ததோ வந்து சேந்ததோ, திறப்பு என்ரை கைக்குத் திரும்பி வருமட்டும் கண் மூடக் கூடாது. படுத்தால் பாய் நெருப்பாய்ச் சுடட்டும். தாயே, நீ இஞ்சை இருக்கிறது உண்மையெண்டால் பாத்துக்கொள்."

வந்து சேர்ந்தது என்று சொல்லும்போது வாசுகியைத்தான் பார்த்தேன். வயிற்றில் பிறந்தது என்பது சொல்லுக்குச் சொல் சேரட்டும் என்று வாயில் வந்தது. அவ்வளவுதான். நான் நினைத்துச் சொல்லவில்லை தம்பி.

"மாமி! என்ன உது, ஆக்கள் பாக்கினம்" என்று வாசுகி பதறினாள். பிறகு அவளுக்கு நான் யாரைச் சொன்னேன் என்று விளங்கியது. மப்ளரால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பீற்றர் ஓடி வந்தார். கிருபன் அவருடைய கையைப் பிடித்து இங்கிலீசில் சொன்னான், மன்னிக்க வேண்டும், அவவுக்கு டிமென்ஷியா, வீட்டுக்காரர் களவெடுக்கினம் எண்டு நினைக்கிற வருத்தம். எனக்கு இங்கிலீசு மட்டுமட்டு என்றாலும் அந்தச் சொல் தெரியும். ஸ்ட்ரெதம் கோயிலில் தேர் இழுக்கிற கிழடுகள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். பீற்றர் கிருபனை நம்பவில்லை. அவர் உன்னைப் பார்த்தார். மகன் நீதானே. அப்படியா என்று கேட்டார்.

நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாய்.

திரும்பி வரும்போது காரில் கிருபன்தான் பேசினான். "மச்சான், உதுதான் முதல் அறிகுறி. என்ரை கடைக்கு வாற ஒரு ஐயாவும் உப்பிடித்தான், மகள் பென்சனைக் களவெடுக்கிறாள் எண்டு நிண்டவர். இப்ப மகளையே ஆரெண்டு கேக்கிறார்." வாசுகி யன்னலோடு சாய்ந்து அழுதாள். அனோஜா குமிழைக் காதில் வைத்துக்கொண்டாள். நீ கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, "அம்மா, திறப்பை நீங்கள் முதலே எங்கையும் விட்டிருப்பியள்" என்றாய்.

"விடியப் பையிலை பாத்தனான்."

"பாத்ததாய் நினைக்கிறியள் அம்மா."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் பட்டது உனக்குத் தெரியாது. இந்த வீட்டுக் கதவுக்கு ஏதோ கருவி பூட்டினாய். நான் திறந்தால் உன் போன் கத்துகிறது. அடுப்புக் குமிழைக் கழற்றி உயரத்தில் வைத்தாய். என் கையில் உன் போன் நம்பர் எழுதின காப்புப் போட்டாய், நாய்க்குப் போடுகிற மாதிரி. இதெல்லாம் வெளிச் சிறை. உள்ளே ஒரு சிறை இருந்தது, அதுதான் பெரிது. படுத்துக்கொண்டு என்னை நானே சோதித்தேன். ஸ்ட்ரெதத்துக்கு நாங்கள் வந்த நாள் முதலாக மேல்வீட்டில் இருந்தவர்கள் யார் யார், கலியாணத்தில் என் கூறைச் சீலையைக் குறை சொன்ன உன் பெரிய மாமி அன்றைக்கு என்ன தோடு போட்டிருந்தா, குளிரில் ஹீட்டரை நிறுத்தி வைத்த முதல் வீட்டுக்காரி சொன்ன சாட்டு என்ன. எல்லாம் வந்தது. ஒன்றும் பிசகவில்லை. ஆனாலும் அந்தக் காலைப்பொழுது மட்டும் ஆடத் தொடங்கியது. உள்பையில் கையை விட்டேனா, விட்டதாக நினைக்கிறேனா? எனக்கென்று இந்த நாட்டில் வீடில்லை, நிலமில்லை, படிப்பில்லை. என் ஞாபகம் மட்டும்தான் என்னுடையது. அதிலே ஓட்டை விழுந்துவிட்டது என்றால் நான் எங்கே போய் நிற்பேன்?

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். தமிழ்நாட்டுப் பிள்ளை, தங்கமான பிள்ளை. தாளில் மணிக்கூடு கீறச் சொன்னாள், வட்டமும் முள்ளுமாய்க் கீறினேன். சொற்களைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள், சொன்னேன். "ஆமா பாட்டி, ரொம்ப நல்லா சொல்றீங்க" என்றாள். பிறகு மெதுவாக, "வீட்ல யாராவது உங்க பொருளை எடுக்கிறாங்கன்னு தோணுதா பாட்டி?" என்றாள். ஓம் என்றால் வருத்தக்காரி. இல்லை என்றால் பொய்க்காரி. நான் உன்னைப் பார்த்தேன். நீ அவள் மேசையில் இருந்த பொம்மைக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஓம், எடுத்திருக்கினம்" என்றேன். அவள் அதை எழுதினாள். அடுத்து ஞாபகக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றாள்.

இனி வாசுகி கவனமாக வாசிக்கட்டும்.

நான் வாசுகிக்கு நித்திரை கெட்டுவிட்டதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் குறட்டை விட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற குறட்டை, நாளுக்கு நாள் நல்லாய்க் கொழுத்த குறட்டை. ஊற்றுத் தெய்வம் செத்துப் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் படியில் கால் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் வாசுகி எனக்குத் தேத்தண்ணி தந்துகொண்டு, "இவருக்கு இப்ப நித்திரையே இல்லை மாமி. புது வீட்டு யோசனையாக்கும். நித்திரைக் குளிசை போட்டும் வருகுதில்லை" என்றாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். நான் அந்த நினைப்பை அமுக்கி விட்டேன். என் பிள்ளை செய்ய மாட்டான் என்றேன். கோயிலிலும் அதைச் சொல்லிக் கற்பூரம் அடிப்பேன் என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் நீ வேலையால் வந்து, "அம்மா, குளிருது எண்டியள், இந்தாங்கோ உங்கடை சட்டை" என்று என் மண்ணிறக் கம்பளிச் சட்டையைத் தந்தாய். எங்கையிருந்தது என்று கேட்டேன். "மேலை அலுமாரிக்குள்ளை" என்றாய். அந்தச் சட்டை ஸ்ட்ரெதம் வீட்டுப் படுக்கை அறைக் கதவின் பின்னால், கொளுவியில் தொங்கினது. சளியோடு நீ என்னைக் கூட்டி வந்த நாள் அதை எடுக்க மறந்து, காரில் ஏறின பிறகு நான் கேட்டு, நீ பிறகு எடுக்கலாம் என்று சொன்ன சட்டை. பூட்டின வீட்டுக்குள்ளிருந்து அது எப்படி வந்தது? நான் குளிரில் நடுங்குகிறேன் என்று பொறுக்க ஏலாமல் நீ வேலைக்கு இடையில் ஸ்ட்ரெதத்துக்குப் போய், என் திறப்பால் என் கதவைத் திறந்து, எனக்காக எடுத்து வந்திருக்கிறாய். என்ன பிள்ளையடா நீ. களவும் உன்னுடையதுதான், இரக்கமும் உன்னுடையதுதான்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் வந்தது சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். என் தலை பழுதில்லை. விடிய நான் பார்த்தது பார்த்ததுதான். அதற்குப் பிறகுதான் மற்றது வந்து விழுந்தது. என் வாயால் நான் மண் அள்ளி எறிந்தது என் பிள்ளைக்கு.

சபையில் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? சட்டையும் இங்கேதான் கிடந்தது, அம்மா அதையும் மறந்துவிட்டா என்பீர்கள். ஞாபகம் இல்லாதவள் என்ற பெயரை ஒருமுறை சூட்டிவிட்டால் அவள் சொல்லுகிற உண்மை எல்லாம் நோயின் கணக்கில் போகும். வாசுகியிடம் மட்டும் போனேன். பிழையாய் நினைச்சிட்டன், மனதிலை வைச்சிருக்காதை பிள்ளை என்றேன். அவள் என் தலையைத் தடவி, "பரவாயில்லை மாமி, வருத்தம்தானே கதைச்சது" என்றாள். நோய் என்று நினைத்து மன்னித்தாள். வாசுகி, அந்த மன்னிப்பை நான் திருப்பித் தருகிறேன். நான் சுகமாக இருந்துகொண்டு, முழுப் புத்தியோடு, உன்னைக் கள்ளி என்று நினைத்தேன். உனக்கு மன்னிக்க மனமிருந்தால் அதை மன்னி.

பிறகு அனோஜாவைப் பிடித்தேன். நீங்கள் வேலைக்குப் போன ஒரு பகலில், பல்கலைக்கழகம் லீவு என்று அவள் வீட்டில் நின்றாள். கதவு கத்தாமல் அவளுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. அந்த ஊருக்கு ரயிலில் போனோம். பீற்றர் எங்களைக் கண்டதும் பயப்படவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே ஊற்றடிக்கு வந்தார். மண் எடுத்த பாத்தியில், இந்த வீட்டுக் கொல்லையிலிருந்து பேப்பரில் கட்டிக் கொண்டுபோன மண்ணைப் போட்டேன். தொட்டித் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினேன்.

"நான் கேட்டதை நானே திருப்பி வாங்குறன் தாயே. திறப்பு வந்தாலும் வராட்டிலும் எடுத்த பிள்ளை நித்திரை கொள்ளட்டும். என்னட்டை இனி உனக்கு ஒரு வழக்கும் இல்லை."

பீற்றர் அனோஜாவிடம் என்ன சொல்கிறா என்று கேட்டார். அவள், கான்சல் பண்ணுகிறா என்றாள். கிழவர், இந்த ஊற்றிலிருந்து கிண்டி எடுத்த தகடுகள் எல்லாம் கேட்டவர்களுடையதுதான், திருப்பி வாங்க வந்தவர் எழுதினதாக ஒரு தகடும் நான் காணவில்லை என்றார். ரயிலில் அனோஜா, "ஆர் எடுத்தது அப்பம்மா?" என்றாள். நான் யன்னலைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருப்பாள்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா அந்த வீட்டுக் குசினியில்தான், அடுப்புக்கு முன்னால் விழுந்தார், நான் கடைக்குப் போயிருந்த நேரம். கதவை உடைத்து உள்ளே போனவன் நீ. என்னையும் அப்படி ஒரு நாள் காணக் கூடாது என்று உனக்கு நடுக்கம். சரி. ஆனால் நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது எனக்கு அந்த நடுக்கம் இருக்கவில்லை என்று நினைக்கிறாயா? நானும் அப்பாவும் ஆளுக்கொரு ஷிப்ட். அதே கதவின் திறப்பைக் கறுப்பு நூலில் கட்டி உன் கழுத்தில் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். வேலையிடத்தில் பாத்திரம் கழுவக் கழுவ நெஞ்சு இடிக்கும். அதற்காக உன்னிடமிருந்து நான் திறப்பைப் பறிக்கவில்லை. இது உன் வீடு, நீ திறப்பாய் என்றுதான் சொன்னேன். நாளைக்கு அனோஜாவும் உன் கையிலிருந்து ஏதோ ஒன்றை வாங்க வருவாள், கார்த் திறப்போ வீட்டுத் திறப்போ. கேட்டு வாங்கப் பழக்கு. நீ கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், ஒப்பாரி வைத்திருப்பேன், தவமணி அக்காவிடம் உன்னைப் பற்றிக் கதை சொல்லியிருப்பேன். தந்திருப்பேனோ இல்லையோ, கேட்டவன் மகன் என்று இருந்திருக்கும்.

சனிக்கிழமை நான் வாசலில் நிற்பேன். திறப்பைக் கையில் தந்தால் ஸ்ட்ரெதம் பஸ்ஸில் ஏறுவேன். தராவிட்டால் சத்தம் போடாமல் வானில் ஏறி, அந்தப் பாய் அகல வானத்துக்குக் கீழே வந்து இருப்பேன். எனக்கு வேறு வழி வைத்திருக்கிறாயா? சாபத்தை நான் எடுத்துவிட்டேன், அதனால் பயத்தில் தந்தேன் என்று நீ பிறகு சொல்ல ஏலாது. தருவதும் விடுவதும் உன் மனம். இன்றைக்குப் போய்ப் படு, நித்திரை வரும்.

நான் எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்கிறவள் என்று உலகத்துக்குத் தெரியும். பெரிய மாமி மேல் கோபம் உண்டு, ஹீட்டரை நிறுத்தினவள் மேல் உண்டு. கோபம் வைத்திருப்பது வேறு, மன்னிக்காமல் விடுவது வேறு. கிருபன் தான் நம்பினதைச் சொன்னான். அவனோடு எனக்கு ஒன்றும் இல்லை. டாக்டர்ப் பிள்ளை கேட்க வேண்டியதைக் கேட்டாள். வாசுகி அழுதாள், அழுத பிறகும் எனக்குத் தேத்தண்ணி தந்தாள். திறப்பை எடுத்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன். பயந்த பிள்ளை எடுத்தது அது. ஆனால் அந்த ஊற்றடியில், நான் சொன்னது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள், தன் சட்டைப்பைக்குள் திறப்பை வைத்துக்கொண்டு, மனைவியைக் கள்ளியாய் நிற்கவிட்டு, தாயை விசரியாய் நிற்கவிட்டு, தலையை ஆட்டினான். என் கண் பார்த்ததை நானே நம்பாமல் கிடந்த அத்தனை இரவுக்கும் அந்தத் தலையாட்டு ஒன்றுதான் காரணம். அதை மன்னிக்க மாட்டேன். அவனுக்குப் பசித்தால் சோறு போடுவேன், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருப்பேன், நான் சாகும்போது கொள்ளி வைக்கிறவனும் அவன்தான். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

தம்பி என்று கூப்பிட்டால் யாராவது ஒருவராக இருக்கலாம். அதனால் உன் பெயரை முழுதாக எழுதுகிறேன். வாசுகி, இதையும் உரத்து வாசி.

அருளானந்தம் ரவீந்திரன்.